போச்சாது சொல்லத் தெரியாத பிஷப்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சொல் இருக்கிறது. போச்சாது. பால் சொம்பு கை தவறிக் கவிழ்ந்துவிட்டதா, போச்சாது. கண்ணெதிரே பஸ் போய்விட்டதா, போச்சாது. கொடுத்த கைமாற்று இனித் திரும்பாது என்று தெரிந்துவிட்டதா, அதுவும் போச்சாது. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: 'பரவாயில்லை', 'போனால் போகட்டும்', 'விடு' இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் அதுதான் போச்சாது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டமும் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் வண்டி ஓட்டுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு வருடம் இன்ஜினியரிங் படித்து, 11 அரியர் வைத்து, பாதியில் நிறுத்திவிட்டு வரலாறு படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்றைக்கு என் அப்பா சொன்னதும் அதைத்தான். "போச்சாது உடு சாமி." அவர் சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். அந்த இரண்டு வருடக் கட்டணம் எத்தனை மீட்டர் காடாத் துணி என்று எனக்குக் கணக்குத் தெரியும். அவர் விட்டுவிட்டார். எனக்குத்தான் போகவில்லை.

இதைக் கூடப் படிக்கும் நண்பன் ஒருவனிடம் ஒருநாள் புலம்பினேன். அவன் கருமத்தம்பட்டிக்காரன், கத்தோலிக்கன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கு மனஸ்தாபம் இருக்குது, பாவசங்கீர்த்தனம் இல்லை. அதுதான் பிரச்சினை" என்றான். எனக்குச் சுருக்கென்று இருந்தது. எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் மனஸ்தாபம் எதுவும் இல்லையே! அப்புறம்தான் விளக்கினான். நாமெல்லாம் இரண்டு பேருக்கு நடுவில் வரும் சடவைத்தான் மனஸ்தாபம் என்கிறோம். கத்தோலிக்கர்களின் பழைய தமிழில், செய்த தப்பை நினைத்துத் தன் மனம் தாபப்படுவதுதான் மனஸ்தாபம். அது முதல் படி. அதை வாய்விட்டு ஒரு குருவிடம் சொல்வது பாவசங்கீர்த்தனம், இரண்டாவது படி. அவர் சொல்லும் பரிகாரத்தைச் செய்வது மூன்றாவது. குரு கேட்டதை வெளியே மூச்சுவிடக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தே ஆக வேண்டும் என்று 1215-ல் ரோமில் கூடிய லாத்தரன் சங்கம் சட்டமே போட்டிருக்கிறது.

அதாவது 'போச்சாது' இல்லை இது. நேர் எதிர். போகவில்லை என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. எங்கெங்கோ படித்துக்கொண்டே போனபோது கிடைத்தவர், அட, நான் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் அதே கருமத்தம்பட்டியில் பிஷப் ஆனவர். கடைசி வரைக்கும் 'போச்சாது' சொல்லத் தெரியாத மனிதர்.

அவர் பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். 1813 டிசம்பர் 2-ந் தேதி தெற்கு பிரான்சில் காஸ்தெல்நோதாரி என்ற ஊரில் பிறந்தார். அப்பா நீர்வழிப் பொறியாளர், அந்த ஊர் வழியாகப் போகும் பெரிய கால்வாயில் வேலை. (இங்கேயும் ஒரு இன்ஜினியரிங் விவகாரம்.) 1838-ல் குருப்பட்டம். சொந்த ஊர்ப் பங்கிலேயே உதவிக் குருவாக இருந்தார். ஆனால் அவருக்குத் தூரதேச மிஷனுக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. மகன் கேட்கவில்லை. 1841-ல் பாரீசில் அந்நிய வேதபோதக சபை என்ற மிஷன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1842 ஏப்ரலில் கப்பல் ஏறி ஜூலையில் புதுச்சேரியில் இறங்கினார். தமிழ் படிக்க அவரை அனுப்பிய ஊர் சேலம். ஆக, அவர் படித்த தமிழ் நம் பக்கத்துத் தமிழ்தான். 'போச்சாது' காதில் விழுந்ததா என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை!

சேலத்திலிருந்து புதுச்சேரி குருமடத்துக்குத் தலைவராகப் போனார். 1845-ல் புதுச்சேரி மிஷனிலிருந்து கோயமுத்தூரைத் தனியாகப் பிரித்தார்கள். அதற்குப் பொறுப்பு பிரெசியாக். 1846 அக்டோபர் 4-ந் தேதி, கருமத்தம்பட்டியில், அவருக்கு பிஷப் பட்டம் கட்டினார்கள். அன்றைக்கு என்ன கிழமை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் மாதத்து முதல் ஞாயிறு. ஜெபமாலை மாதா திருநாள் அந்தக் காலத்தில் அந்த ஞாயிற்றில்தான் வரும். இன்றைக்கும் அக்டோபர் திருவிழா என்றால் கருமத்தம்பட்டியில் கூட்டம் தாங்காது. 32 வயதுப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பிஷப் தொப்பியோடு நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் அவர் மனதில் என்ன குத்திக்கொண்டிருந்தது என்பது புரியாது.

1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய ஏசுசபைக் குரு ராபர்ட் தெ நோபிலி காவி கட்டினார், பூணூல் போட்டார், சைவம் சாப்பிட்டார். 1623-ல் சேலம் பக்கமும் வந்தார். கிறிஸ்தவர் ஆவதற்குத் தமிழர் தம் பழக்கவழக்கத்தை விட வேண்டியதில்லை, சிலை வழிபாட்டை விட்டால் போதும் என்பது அவர் கட்சி. பழக்கவழக்கம் என்ற மூட்டைக்குள் தாலி, சந்தனம், தேங்காய் எல்லாம் இருந்தன. சாதியும் இருந்தது. மேல்சாதிக்காரர்களுக்கு ஒரு வகைச் சாமியார், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இன்னொரு வகைச் சாமியார் என்று குருக்களே பிரிந்து வேலை செய்தார்கள். இது சரியா என்ற சண்டை ரோம் வரைக்கும் போயிற்று. மலபார் சடங்குச் சண்டை என்று அதற்குப் பெயர். (மலபாருக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அந்தக் காலத்து ஐரோப்பியருக்குத் தமிழும் மலபார்தான்.)

போப்பின் தூதராக புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704-ல் 16 விஷயங்களுக்குத் தீர்ப்பு எழுதினார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. 108 இழை மஞ்சள் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. மாதவிலக்கான பெண்ணைக் கோயிலுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது. சாகக்கிடக்கும் பறையர் வீட்டுக்குக் குரு நேரில் போக வேண்டும், வெளியே தூக்கி வரச் சொல்லக் கூடாது. கடைசி இரண்டையும் படித்தபோது, 1704-ல் இதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறதே என்று கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடிவான கட்டளை போட்டார். இனி இங்கே வேலைக்கு வரும் ஒவ்வொரு மிஷனரியும் இந்த விதிகளை அப்படியே காப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் என்றால் சும்மா இல்லை. மீறினால் பாவம்.

நூறு வருடம் கழித்து வந்த பிரெசியாக்கும் சத்தியம் செய்தார். செய்துவிட்டுச் சுற்றிப் பார்த்தால், எல்லாம் பழையபடியே நடந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள் ஒரு சாதிக்கு ஒரு பக்கம், இன்னொரு சாதிக்கு இன்னொரு பக்கம். கல்யாணத்தில் எது சடங்கு, எது வெறும் ஊர்வழக்கம் என்று பிரிக்க முடியாத நிலை. மூத்த மிஷனரிகளைக் கேட்டால் அனுபவத்தில் சரியாகிவிடும் என்ற மாதிரிதான் பதில். ஒரு குரு அனுமதிப்பதை அடுத்த ஊர்க் குரு தடுப்பார். எல்லோரும் ஒரே சத்தியம் செய்தவர்கள்.

சாதாரணக் குருவாக இருந்தவரை இதைத் தாங்கியிருக்கலாம். பிஷப் ஆனபின் ஒவ்வொரு குரு செய்வதற்கும் அவர் பொறுப்பு. கோயமுத்தூர், நீலகிரி, பாலக்காடு என்று பரந்த பகுதியில் எந்த மூலையில் எது நடந்தாலும் அவர் தலையில்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிரெசியாக்கைச் சாதி ஒழிப்புப் போராளி என்று நான் எழுதினால் அது பொய். அவர் இரண்டு பக்கமும் இழுபட்ட ஆள். தமிழர் பழக்கம் என்றாலே கெட்டது என்று நினைக்கும் ஐரோப்பிய மிஷனரிகள் மேல் அவருக்குக் கோபம் உண்டு. பல வழக்கங்கள் மதத்தோடு சம்பந்தமில்லாதவை, 1744-ன் கட்டளை தேவைக்கு மேல் கடுமையாக இருக்கலாம் என்றும் அவருக்குத் தோன்றியது. அப்படியானால் கட்டளையை மாற்றுங்கள். இல்லை, கட்டளை சரி என்றால் அதைக் கடைப்பிடியுங்கள். வாயால் சத்தியம், கையால் வேறு என்பதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதே காலத்தில் கோயமுத்தூரிலேயே இருந்த லண்டன் மிஷனின் ஆடிஸ் பாதிரியாருக்கு (1830-ல் வந்தவர்) இந்தச் சங்கடம் கிடையாது. சென்னை மாகாணத்துப் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் 1850-ல் கூடி, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடாதவன் சாதியை விட்டதாகக் கணக்கில்லை என்றே தீர்மானம் போட்டார்கள். அந்தத் தெளிவு பிரெசியாக்குக்கு வாய்க்கவில்லை.

அவர் தெளிவாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. இந்த ஊர்ச் சபையை இந்த ஊர்க் குருக்கள் நடத்த வேண்டும், அவர்கள் பிரெஞ்சுக் குருக்களுக்கு எடுபிடி இல்லை, சரிசமம். கருமத்தம்பட்டியில் குருமடம் வைத்துப் பையன்களைப் படிக்க வைத்தார். அதிலும் கூட இருந்தவர்கள் எல்லோரும் ஒத்துவரவில்லை.

கத்தோலிக்கர்களிடம் இந்த மாதிரி மன உளைச்சலுக்குத் தனிப் பெயரே இருக்கிறது. அந்த லத்தீன் சொல்லுக்கு அர்த்தம் 'கூர்மையான சின்னக் கல்'. செருப்புக்குள் போன கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வெட்டும் அளவுக்குப் பெரிசில்லை, ஆனால் நடக்க விடாது. செய்தது பாவமா இல்லையா என்று தெரியாமல் திரும்பத் திரும்ப அதையே நோண்டுவது. 18-ம் நூற்றாண்டின் பெரிய நீதிநெறி ஆசிரியரான அல்போன்ஸ் லிகோரிக்கே இந்தக் கல் வாழ்நாள் முழுக்கக் குத்தியது. அதற்கு அவர் சொன்ன மருந்து ஆச்சரியமானது: உன் தீர்ப்பை நம்பாதே, பொறுப்பில் உள்ள ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல், அவர் சொல்வதைக் கேட்டு நட. நமக்கு இது அடிமைத்தனமாகத் தெரியலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் தன் வழக்கில் தானே நீதிபதியாகவும் தானே குற்றவாளியாகவும் இருப்பவனுக்குத் தீர்ப்பே வராது என்பது எனக்குச் சொந்த அனுபவம். இரண்டு வருடமாக நானும் வாய்தா வாங்கிக்கொண்டேதான் இருக்கிறேன்.

பிரெசியாக் அதைத்தான் செய்தார். ரோமுக்கு எழுதினார். மறுபடி எழுதினார். எது செல்லும், எது செல்லாது, தெளிவாகச் சொல்லுங்கள். தெளிவான பதில் வரவில்லை. 1850-ல் கோயமுத்தூர் முழு விகாரியேட் ஆனது. அதாவது ரோமின் நேரடிப் பொறுப்பில் உள்ள மிஷன் பகுதி. அவர் பதவி உயர்ந்தது, கல்லும் கூடவே இருந்தது. கடைசியில் 1854-ல் நேரிலேயே ரோமுக்குப் போனார். அங்கேயும் தீர்ப்பு இல்லை. ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். 1855 மார்ச்சில் ஏற்றுக்கொண்டார்கள்.

41 வயது. 12 வருட இந்திய வாழ்க்கை முடிந்தது. பிஷப், ஆனால் ஊர் இல்லாத பிஷப். அப்பா பேச்சைக் கேட்காமல் போன மகன், கையில் எதுவும் இல்லாமல் பிரான்சுக்குத் திரும்பி வருகிறான். ஓடிவந்துவிட்டான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரால் உடனே மறுத்திருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

நம் கேள்விக்கு வருவோம். விசுவாசம் ஒருவனைப் பழைய வருத்தத்திலிருந்து விடுவிக்கிறது என்கிறார்களே, அது எப்படி?

நண்பன் எனக்கு பைபிளில் இரண்டு பேரைக் காட்டினான். யூதாசும் பேதுருவும். ஒருவன் ஏசுவைக் காட்டிக்கொடுத்தான், இன்னொருவர் அதே ராத்திரி மூன்று முறை அவரைத் தெரியாது என்றார். இரண்டு பேருமே வருந்தினார்கள். யூதாஸ் காசைத் திருப்பி வீசியெறிகிற அளவுக்கு வருந்தினான். மனஸ்தாபத்தில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் யூதாஸ் தனியாகப் போய்த் தன் தீர்ப்பைத் தானே நிறைவேற்றிக்கொண்டான். பேதுரு, அவமானம் இருந்தாலும், மற்ற சீடர்களோடேயே இருந்தார். யோவான் சுவிசேஷத்தின் கடைசி அத்தியாயத்தில், உயிர்த்தெழுந்த ஏசு ஏரிக்கரையில் கரி நெருப்பில் மீன் சுட்டு வைத்துக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார். சாப்பிட்ட பிறகு பேதுருவிடம் என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார். மூன்று மறுப்புக்கு மூன்று கேள்வி. மூன்றாம் முறை பேதுருவுக்கு வருத்தமாகிவிடுகிறது. பழசை யாரும் மறைக்கவில்லை, எண்ணிக்கை உட்பட அப்படியே எடுத்து மேஜை மேல் வைக்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் வருவது மன்னிப்புப் பத்திரமும் இல்லை, வேலை. என் ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று.

பிரெசியாக் கதையும் அந்தப் பாதையில்தான் போகிறது. 1855-ல் வெர்சாயில் கப்புச்சின் சபையார் மடத்தில் தியானத்தில் இருந்தார். ஆப்பிரிக்காவுக்குப் போவது என்று முடிவெடுத்தார். தகோமே (இன்றைய பெனின்) நாட்டுக்குச் சாதாரண மிஷனரியாகப் போகிறேன் என்று கேட்டார். தனியாகப் போகாதீர், ஒரு சபையை உண்டாக்கிக்கொண்டு போம் என்றது ரோம். பிரான்ஸ் முழுக்க ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து, காசு கேட்டு, ஆள் சேர்த்தார். 1856 டிசம்பர் 8-ல் லியோன் நகரத்து ஃபுர்வியேர் குன்றின் மாதா கோயிலில் ஒரு சின்னக் கூட்டம் கூடி ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கியது. அதில் பிளாங்க் என்ற இளம் குருவும் ஒருவர். அவரைப் பிறகு பார்ப்போம்.

இந்தியாவை மறந்துவிட்டாரா? இல்லை. அதைத்தான் நான் கவனித்தேன். திரும்பிப் போனபின் அந்தப் பன்னிரண்டு வருடத்தையும் உட்கார்ந்து எழுதினார், பெரிய நினைவுக் குறிப்பாக. தப்பு, சந்தேகம், சண்டை எல்லாவற்றோடும். மறக்க விரும்புகிறவன் அப்படி எழுத மாட்டான். எழுதி வைத்தார், வைத்துவிட்டு எழுந்து போனார்.

இனி வருவது கொடுமையான பகுதி. ரோம் அவருக்குத் தகோமே தரவில்லை, சியரா லியோன் தந்தது. முதலில் மூன்று பேரை அனுப்பினார். 1859 மே 14-ந் தேதி ஒரு குரு, ஒரு சகோதரர் இருவரோடு அவரும் ஃப்ரீடவுன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். ஊரில் மஞ்சள் காய்ச்சல். இறங்க வேண்டாம் என்று கப்பல் தலைவர் தடுத்துப் பார்த்தார். முன்னால் வந்தவர்கள் அங்கே இருக்கும்போது எப்படித் திரும்புவது? இறங்கினார்.

ஜூன் 2-ந் தேதி ஒரு குரு இறந்தார். 5-ந் தேதி இன்னொருவர். 13-ந் தேதி ஒரு சகோதரர். ஜூன் 25-ந் தேதி பிரெசியாக். மூன்று நாள் கழித்து மிச்சமிருந்த குருவும். ஆறு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள், நோயோடு இருந்த சகோதரர் ஒருவர் மட்டும் பிரான்சுக்குத் திரும்பினார். இறங்கிய நாளிலிருந்து ஆறு வாரம்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். ஒரு சத்தியத்தைச் சரியாகக் காத்தேனா என்று பத்து வருடம் தன்னைத் துளைத்துக்கொண்ட மனிதர், தன்னை நம்பி வந்த மூன்று இளைஞர்களைப் புதைக்கும்போது என்ன நினைத்திருப்பார்? பழைய பிரெசியாக் என்றால் அந்தக் கல்லே கொன்றிருக்கும். கடைசி நேரத்தில் விசுவாசம், நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டே வந்தவருக்கு மூன்றாவது சொல் வாயில் வரவில்லை, பக்கத்திலிருந்த குரு அன்பு என்று எடுத்துக் கொடுத்தார் என்று அவர் சபையார் சொல்கிறார்கள். மூன்று நாளில் சாகப்போகிற குரு அவர். நான் அவநம்பிக்கைக்காரன், மரணப்படுக்கைக் கதைகளைப் பாதிதான் நம்புவேன். இதை நம்பத் தோன்றுகிறது. கட்டுக்கதை என்றால் மூன்று சொல்லையும் அவரே சொல்லியிருப்பார்.

லியோனில் இருந்த பிளாங்க் கடையை மூடவில்லை. 1861-ல் அந்தச் சபையின் ஆட்கள் தகோமேக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1907-ல் சாகும் வரை அவர்தான் தலைவர். இன்றைக்கு அந்தச் சபையில் தமிழ்க் குருக்களும் இருக்கிறார்கள், இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். 2020 மே மாதம் போப் பிரான்சிஸ் பிரெசியாக்குக்கு 'வணக்கத்துக்குரியவர்' பட்டம் தந்தார். புனிதர் பட்டத்துக்கு முந்தைய படிகளில் ஒன்று.

அந்தச் சத்தியம் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? 1940 ஏப்ரல் 9-ந் தேதி ரோம் அதை ரத்து செய்தது. மிஷனரிகள் இனி மலபார் சடங்குச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. பிரெசியாக் கேட்ட கேள்விக்கு ஒருவகையில் பதில் வந்தது, அவர் செத்து 81 வருடம் ஆன பிறகு. பதில் வந்தபின்தான் நிம்மதி என்று காத்திருந்தால் அவர் கதி என்ன!

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. சத்தியம் ரத்தானது பிஷப்புகளின் மனசாட்சிக்குச் சௌகரியம். கோயிலின் அந்தப் பக்கம் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு? தாலி, தேங்காய் விவகாரம் தீர்ந்துபோனது. சாதி தீரவில்லை. 2008-ல் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனக்குச் சமமான இடமும் தனிப் பங்கும் கேட்டபோது கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. 2016 டிசம்பரில்தான் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது பாவம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. படி ஒன்று, படி இரண்டு ஆயிற்று. மூன்றாவது படி பரிகாரம். தன் வருத்தத்தைக் கடவுளிடம் இறக்கி வைத்துவிட்டேன் என்று ஒருவன் நிம்மதியாகத் தூங்கலாம். அவனால் அடிபட்டவன் தூங்கினானா என்று கேட்காத நிம்மதியை அந்தப் பழைய தமிழ் மூன்று சொல்லே ஏற்காது. நண்பனிடம் இதைக் கேட்டேன். "அதுதான்டா கஷ்டமான படி. அதனாலதான் கடைசியில வெச்சிருக்காங்க" என்றான்.

போன மாதம் நானும் இரண்டாவது படியை ஏறிப் பார்த்தேன். எனக்குக் குரு கிடையாது, அப்பாதான். மூன்றாவது செமஸ்டரிலிருந்து நான் காலேஜுக்கே ஒழுங்காகப் போகவில்லை, பஸ் பாஸை வைத்துக்கொண்டு காந்திபுரத்தில் சுற்றினேன், அரியர் வந்தது பாடம் கஷ்டம் என்பதால் இல்லை. இதை அவரிடம் சொல்லாமல்தான் அவருடைய 'போச்சாது'வை வாங்கி வைத்திருந்தேன். அவருக்கு என்ன போயிற்று என்றே தெரியாமல் சொன்ன போச்சாது அது. சொல்லலாம் என்று தறிக்குடோனுக்குப் போனேன். எட்டுத் தறி ஓடும் சத்தத்தில் மெதுவாகப் பேச முடியாது. பாவசங்கீர்த்தனத்தை ரகசியமாகச் செய்ய வேண்டும் என்பார்கள், நான் கத்திக் கத்திச் சொன்னேன். பக்கத்துத் தறி அண்ணனுக்கும் கேட்டிருக்கும்.

அப்பா ஒரு தறியை மட்டும் நிறுத்தினார். "அது அப்பவே தெரியுமே சாமி. கண்டக்டர் சொன்னாரு" என்றார். பிறகு, சாயங்காலம் நூல் கோன் இறக்க ஆள் வேண்டும், ஐந்து மணிக்கு வந்துவிடு என்றார். அன்றைக்கும் போனேன், மறுநாளும் போனேன். இப்போது தினமும் போகிறேன்.